தாலம் ஏந்திய விஞ்ஞானி

கௌசல்யா அறிவியலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது அவள் ஐந்தடி ஓர் அங்குலம் இருந்ததால்.

கேரளத் தலைநகரின் ஓரத்தில், கழக்கூட்டத்தில் இருந்த மகளிர் அறிவியல் எழுச்சி மையம், அரசுப் பள்ளிப் பெண்களை விஞ்ஞானத்தின் பக்கம் திருப்புவதற்காக 'ஷீ-ஸ்பார்க்' என்று ஒரு திட்டம் வைத்திருந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்த உடனேயே அதன் ஆட்கள் நகரத்தின் கோட்டைக்குப் பக்கத்துப் பள்ளிக்கு வந்து, தமிழ் வழிப் பத்தாம் வகுப்புப் பெண்களை வராந்தாவில் நிறுத்தி நாடாவால் அளந்தார்கள். ஐந்தடியை ஒட்டி இருந்தவர்களிடம் விஞ்ஞான மனப்பான்மை இருப்பது கண்டறியப்பட்டது. வகுப்பில் முதலாவதாக வரும் சுமி நாலடி எட்டு அங்குலம். அவளிடம் அது போதுமான அளவு இல்லை.

"உயரத்தை எதுக்குப் பாக்கிறீங்க?" என்று கேட்டார் அறிவியல் ஆசிரியை சற்குணம்.

திட்ட அலுவலர் ஸ்மிதா அவரை அன்போடு பார்த்தாள். "டீச்சரே, தாலப்பொலிக்குக் குட்டிகள் ஒரே ஹைட் வேண்டே? இல்லெங்கில் போட்டோவில் மலை போல ஏறியும் இறங்கியும் இரிக்கும்."

கேரளத்தில் ஒரு பெரிய மனிதர் ஒரு வாசலுக்குள் நுழைய வேண்டுமானால் அந்த வாசலின் இருபுறமும் பெண் பிள்ளைகள் தாலம் ஏந்தி நிற்க வேண்டும். தாலத்தட்டில் அரிசி, பூ, நடுவில் தேங்காய் மூடியில் எரியும் திரி. கோவில் திருவிழாவில் தெய்வத்துக்கு உண்டானது அந்தத் தாலப்பொலி. பிறகு கூட்டுறவு வங்கித் திறப்பு விழாவுக்கு வந்தது. அறிவியலுக்கும் வந்ததில் வியப்பில்லை.

கௌசல்யாவின் அம்மா பூமாரிக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. மகள் விஞ்ஞானத்துக்குத் தேர்வானாள் என்பது மட்டும் தெரியும். சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவள் அவள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கணவன் லிங்கம் கான்கிரீட் வேலைக்குப் போகிறான். இரண்டு பேருக்கும் மகளைப் பற்றி அதிக ஆசைகள் இருக்கவில்லை. ஆசை மகளுக்குத்தான் இருந்தது. ப்ளஸ் ஒன்னில் சயன்ஸ் குரூப் கிடைக்க வேண்டும். அது தொற்றிக்கொண்டு பூமாரிக்கும் வந்துவிட்டது. ஏன் சயன்ஸ் என்று யாராவது கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. மகள் ஒரு விஷயத்தைக் கேட்ட விதம்தான் காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன கௌசல்யா, புதிதாகப் போட்ட தளத்தின் மேல் அவன் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதைப் பார்த்திருக்கிறாள். ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள்.

"அப்பா, சிமெண்டு காஞ்சாத்தானே இறுகும்? பின்ன எதுக்கு அதும் மேல தண்ணிய நிறுத்துதீங்க?"

"அப்படித்தாம்ளா செய்யணும். இல்லன்னா வெடிச்சிரும்."

"அதான் ஏன் வெடிக்கும்?"

"இஞ்சினியர்ட்ட போயிக் கேளு. எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊத்து."

பூமாரி சிரித்தாள். மறுநாள் கடையில் சேலைகளை மடிக்கும்போது அந்தக் கேள்வி அவள் விரல்களுக்கு இடையில் கிடந்தது. இத்தனை வருஷம் சிமெண்டு அப்பிய சட்டையைத் துவைத்திருக்கிறாள். அதைத் தண்ணீரில் ஊறப்போட்டால் கல்லாகிவிடும் என்றும் தெரியும். தனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று நினைத்தபோது வருத்தம் வரவில்லை. அவளுக்குள் யாரோ ஒரு சன்னலைத் திறந்துவிட்டுப் போனதுபோல இருந்தது. அந்தச் சன்னல் மகளுக்காவது மூடாமல் இருக்கட்டும் என்றுதான் அவள் விரும்பினாள். வேறொன்றும் இல்லை.

தொடக்க விழாவுக்குத் தாய்மார்களும் வரலாம் என்றார்கள். பூமாரி விடுப்பு எடுத்துக்கொண்டு மகளோடு மையத்தின் பஸ்ஸில் போனாள். சரிகைக் கரை போட்ட கசவுப் பாவாடை, மல்லிகைப்பூ, நெற்றியில் சந்தனம். மகள் அவ்வளவு அழகாக இருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

பிள்ளைகளை வாசலில் நிறுத்தினார்கள். முதலில் மையத்தின் இயக்குநர் டாக்டர் கல்யாணராமன் தன்னுடைய அலுவலகத்துக்கே தாலப்பொலியோடு வரவேற்கப்பட்டார். உள்ளே போனவர் பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்து, அடுத்த விருந்தினரை வரவேற்க நின்றார். இப்படி விருந்தினர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவர் நுழைந்ததும் திரிகளை அணைத்து, அடுத்தவர் கார் வரும்போது மறுபடி ஏற்ற வேண்டும். கௌசல்யாவின் மணிக்கட்டில் சூடான எண்ணெய் சொட்டியது. அவள் தாலத்தை ஆட்டவில்லை.

"நல்ல கண்ட்ரோல்," என்றாள் ஸ்மிதா, பக்கத்தில் நின்ற போட்டோகிராபரிடம். "ஆ குட்டியைக் குறிச்சு வச்சோ."

அரங்கத்துக்குள் 'இளம் விஞ்ஞானிகள்' என்று அட்டை ஒட்டிய முன்வரிசைகள் காலியாகக் கிடந்தன. விஞ்ஞானிகள் வாசலில் வேலையாக இருந்தார்கள். காலி நாற்காலிகளை நோக்கி விருந்தினர் பேசுவது முறையல்ல என்பதால், தாய்மார்களையும் கார் டிரைவர்களையும் அங்கே உட்காரவைத்து ஆளுக்கொரு தொப்பி கொடுத்தார்கள். தொப்பியில் 'நாளைய விஞ்ஞானி நான்' என்று எழுதியிருந்தது. பூமாரி தயங்கிக்கொண்டே போட்டுக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷிஜு என்ற டிரைவர் பழக்கப்பட்ட கையால் தொப்பியைத் தலையில் அழுத்தினான்.

"சேச்சி புதுசா? ஞான் மூணு வர்ஷமாயி யங் சயின்டிஸ்ட்."

இயக்குநர் மலையாளத்தில் பேசினார். "ஒரு பெண் குழந்தை மைக்ராஸ்கோப்பைத் தொடும்போது ஒரு தேசமே விழித்துக்கொள்கிறது. எங்கள் மையத்தில் அப்படிப்பட்ட மைக்ராஸ்கோப்புகள் இருபது உள்ளன. வாங்கியபோது எப்படி இருந்தனவோ, ஐந்து ஆண்டுகளாக அப்படியே வைத்திருக்கிறோம். ஒரு லென்ஸில்கூட ஒரு கைரேகை இல்லை என்பதை நான் பெருமையுடன் சொல்வேன்."

கைதட்டினார்கள். பூமாரியும் தட்டினாள். தட்டிய பிறகு கொஞ்ச நேரம் யோசித்தாள். தனக்கு மலையாளம் சரியாகப் புரியவில்லை என்று முடிவு செய்தாள். புரியாதது எதையும் தன் குறையாக எடுத்துக்கொள்வது அவளுக்கு எளிது. நெடுநாள் பழக்கம்.

எல்லா விருந்தினரும் வந்து முடிந்த பிறகு பிள்ளைகளை உள்ளே அழைத்தார்கள். 'விஞ்ஞானியிடம் கேளுங்கள்' நிகழ்ச்சி. கௌசல்யா கையைத் தூக்கினாள். மைக்கைப் பிடித்துச் சிமெண்டைப் பற்றிக் கேட்டாள். அப்பா தளத்தில் தண்ணீர் நிறுத்துவதைப் பற்றி, காய வேண்டியதை ஏன் நனைக்கிறார்கள் என்று. முதலில் தமிழில், பிறகு மலையாளத்தில்.

மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் கல்யாணராமன் மைக்கை விட்டு விலகி, கரமனை அக்கிரகாரத்துத் தமிழில் சொன்னார்: "பேஷான கேள்வி கொழந்தே. ஆனா பாரு, இது சிவில் சமாச்சாரம். இன்னிக்கு நாம ஸ்பேஸைன்னா தலைப்பா வச்சிண்டிருக்கோம்?"

ஸ்மிதா ஓடிவந்து ஓர் அட்டையை அவள் கையில் திணித்தாள். "மோளே, கேள்வி கார்டில் உண்டு. அது வாசிச்சால் மதி, போதும்."

கௌசல்யா வாசித்தாள். "ஐயா, நான் விஞ்ஞானி ஆவதற்கு என்ன செய்ய வேண்டும்?"

"தைரியமாகக் கேள்விகள் கேட்க வேண்டும்," என்றார் இயக்குநர். அரங்கமே எழுந்து நின்று தட்டியது. ஷிஜு விசிலடித்தான்.

பஸ்ஸில் திரும்பும்போது கௌசல்யா மணிக்கட்டை ஊதிக்கொண்டே வந்தாள். "பரவால்லம்மா. பர்ஸ்ட் டே அல்லே? அடுத்த தடவ லேபுக்குக் கூட்டிட்டுப் போவாங்க."

அடுத்த தடவை ட்ரோன் கண்காட்சி. அதற்கு அடுத்தது நிலா தினம். அதன் பிறகு செயற்கை நுண்ணறிவு வாரம், பெண் குழந்தைகள் தினம், இயக்குநர் எழுதிய 'கண்ணாடிக் கூரையை உடைத்தல்' நூல் வெளியீடு, அவருக்கு அதற்காக நடந்த பாராட்டு விழா. எல்லாவற்றிலும் விருந்தினர்கள் இருந்தார்கள். எல்லா விருந்தினருக்கும் வாசல் இருந்தது. ஒருமுறை ரோபோ ஒன்று குத்துவிளக்கு ஏற்றியது. அந்த ரோபோவுக்கும் தாலப்பொலி நடந்தது.

தாலம் பிடிக்க ஒரு நடன மாஸ்டரை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். தாலத்தை உடம்போடு எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்ததால் அது ஜியாமெட்ரி வகுப்பாகக் கணக்கிடப்பட்டது. திரி ஏற்றியது வெப்பவியல். நின்றது புவியீர்ப்பு என்று யாரும் எழுதாதது ஒன்றுதான் குறை.

பள்ளியில் அவளுக்கு ஆன்-டியூட்டி கொடுத்தார்கள். மையத்தின் விழாக்கள் ஏனோ காலையில்தான் நடந்தன. அந்தப் பள்ளியில் அறிவியல் பாடங்களும் காலையில்தான் நடந்தன.

பூமாரி ஒருநாள் கடைக்குப் போகும் வழியில் பள்ளிக்குள் நுழைந்து சற்குணம் டீச்சரைப் பார்த்தாள்.

"டீச்சர், இவ எப்பப் பாத்தாலும் கழக்கூட்டத்துலதான் கெடக்கா. பாடம்லாம் எப்படி?"

"நான் என்ன செய்யட்டும் கௌசல்யாம்மா? அறிவியலுக்காக அறிவியல் பீரியடுக்கு லீவு. அனுப்பலேன்னா, பெண் குழந்தை மேல வர்றத நான் தடுக்கிறேன்னு ஹெட்மாஸ்டர் கேக்கறாரு. போன மாசம் என்னையே வந்து பூச்செண்டு குடுக்கச் சொன்னாங்க. போயிக் குடுத்தேன்."

சற்குணம் நல்லவர். கௌசல்யாவின் சிமெண்டுக் கேள்வி அவர் காதுக்கும் வந்திருந்தது. அவர் இரண்டு டீக்கப்பில் சிமெண்டைக் குழைத்து ஊற்றி, ஒன்றை வெயிலிலும் ஒன்றைத் தண்ணீரிலும் வைத்திருந்தார். நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அவற்றை வகுப்புக்குக் கொண்டுபோய், எல்லாப் பிள்ளைகளையும் சுற்றி நிற்கவைத்து, சுத்தியலால் தட்டிக் காட்டி, தண்ணீர் சிமெண்டுக்குள் போய் என்ன செய்கிறது என்று விளக்கினார்.

அன்றைக்கு கௌசல்யா கழக்கூட்டத்தில் நின்றிருந்தாள். டெல்லியிலிருந்து வந்த ஓர் அதிகாரிக்காக அவளைப் பற்றிய குறும்படம் ஒன்றைத் திரையிட்டார்கள். பெயர் 'கேள்வி கேட்ட பெண்'. அதில் அவள் கை உயர்த்துவதும் மைக்கைப் பிடிப்பதும் மெதுவான அசைவில் வந்தன. வாய் அசையும் இடத்தில் வயலின் போட்டிருந்தார்கள்.

"நேத்து டீச்சர் உன் கேள்வியத்தான் எடுத்தாங்க," என்றாள் சுமி மறுநாள்.

"என்ன சொன்னாங்க?"

"அது... தண்ணி அதோட சேருமாம். எனக்குச் சொல்ல வரலடி. பாத்தாத்தான் தெரியும்."

அன்று சாயங்காலம் வீட்டில் கௌசல்யா அழவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது கொஞ்சம் சத்தமாகத் தேய்த்தாள், அவ்வளவுதான். பூமாரி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். எழுந்து போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஆனால் அவளே போன வாரம் மகளின் படம் வந்த பேப்பரைப் போனில் எடுத்து ஊர் சொந்தங்கள் எல்லாருக்கும் அனுப்பியிருந்தாள். நாத்தனார் முதன்முறையாக அவளிடம் மரியாதையாகப் பேசினாள். தனக்கு வேண்டியிருப்பது மகள் விஞ்ஞானி ஆவதா, மகள் விஞ்ஞானி என்று நாலு பேர் சொல்வதா என்று அவள் தன்னிடமே கேட்டுப் பார்த்தாள். பதில் தெளிவாக வரவில்லை. வந்துவிடுமோ என்று பயந்து தூங்கிப்போனாள்.

ஜனவரியில் அவளுக்குத் துணிச்சல் வந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்குகிறது, இனி மகளைக் கூப்பிட வேண்டாம், முடிந்தால் ஒருமுறை லேபை மட்டும் காட்டிவிடுங்கள் என்று சொல்வதற்காகக் கழக்கூட்டத்துக்குப் பஸ் ஏறினாள். மையத்தின் வாசலில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கியது. அதில் கௌசல்யா மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துக் குனிந்திருந்தாள்.

பூமாரி அதன் கீழே அப்படியே நின்றுவிட்டாள். மகள் சொல்லவே இல்லையே. காட்டியிருக்கிறார்களே. நெஞ்சு நிறைந்துவிட்டது. இவர்களைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று கூசியது.

"அது எடிட் செய்ததல்லே?" என்றாள் ஸ்மிதா, காபி கொடுத்து உட்காரவைத்து. "மோள் தாலத்தில் திரி ஊதி அணைக்கும்போது எடுத்த போட்டோ. தாலத்தை எடுத்து மைக்ராஸ்கோப் வெச்சு. நன்னாயிட்டில்லே?"

"அப்போ லேபு?"

ஸ்மிதா அவளைக் கூட்டிப்போய்க் காட்டினாள். பெரிய கண்ணாடிக் கதவு. உள்ளே வரிசையாக மேசைகள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத கருவிகள். கதவுக்கு வெளியே சுவரில் பளிங்குக் கற்கள், ஒவ்வொன்றிலும் திறந்துவைத்தவர் பெயர்.

"இத்தனை தடவ தொறந்திருக்காங்களே. உள்ள விட மாட்டீங்களா?"

"சேச்சி, உத்காடனம், அதாவது திறப்பு விழா, கழிஞ்ஞால் அல்லே உள்ளே போகலாம்? இது ஒவ்வொரு பேஸ் உத்காடனம். பைனல் உத்காடனத்துக்கு இனியும் டேட் கிட்டியில்லா. அதுவரைக்கும் குட்டிகள் கண்ணாடி வழி காணலாம். கண்ணாடி தினமும் துடைக்குன்னுண்டு."

பரீட்சையைப் பற்றிச் சொன்னதும் ஸ்மிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஞானும் ஒரு அம்மா அல்லே. பிப்ரவரியில் ரெண்டு பரிபாடி மாத்திரம். பெண் விஞ்ஞானிகள் தினம், அப்புறம் தேசிய அறிவியல் தினம். கௌசல்யா இல்லாமல் எப்படி? அவள் எங்களுடெ முகமாணு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பூமாரிக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும். கேட்ட நிறத்தில் சேலை கடையில் இல்லாதபோது, வாடிக்கையாளர் கோபப்படாமல் வேறொன்றை எடுத்துக்கொண்டு போவதற்காக அவளே நாள்பூராவும் சிரிக்கிற சிரிப்பு. அதற்கு எதிரில் யாராலும் சண்டை போட முடியாது. தொழில் தெரிந்தவளாதலால் பூமாரியும் பதிலுக்குச் சிரித்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படி நின்றார்கள். பிறகு பூமாரி திரும்பி வந்தாள்.

பிப்ரவரியில் பரிபாடி என்ற அந்த விழாக்கள் ஐந்தாயின. மே மாதம் முடிவு வந்தது. கௌசல்யா தமிழில் ஏ பிளஸ். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி இரண்டிலும் சி. ப்ளஸ் ஒன் அலாட்மென்ட் மூன்று சுற்று முடிந்தபோது ஹியூமானிட்டீஸ் கிடைத்தது. ஷீ-ஸ்பார்க் சான்றிதழுக்குப் போனஸ் புள்ளி உண்டா என்று போய்க் கேட்டார்கள். கலை, விளையாட்டு என்று எந்தப் பிரிவிலும் அது வரவில்லை. அறிவியல் என்று ஒரு பிரிவு அங்கே இல்லை.

"எதையாவது படிச்சாச் சரி," என்று லிங்கம் மகள் தலையில் கை வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

பூமாரி மகளைக் கூட்டிக்கொண்டு இயக்குநரிடமே போனாள். பெரிய மனிதர், நம் பாஷை பேசுகிறவர், ஒரு வார்த்தை சொன்னால் எங்காவது ஒரு சயன்ஸ் சீட் கிடைக்காதா?

"ஒக்காருங்கோ, ஒக்காருங்கோ," என்றார் டாக்டர் கல்யாணராமன். முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையிலேயே கலங்கியிருந்தார். "பாத்தேளா, இதைத்தான் நான் எல்லா மீட்டிங்கிலயும் சொல்லிண்டிருக்கேன். பத்தாங் கிளாஸ் முடிஞ்ச ஒடனே பொண்கொழந்தைகள் சயன்ஸை விட்டுப் போயிடறா. அவ்வளவு பேர் வரா, அவ்வளவு பேரும் போயிடறா. ஏன்னு யாருக்கும் தெரியலை. நாங்க ரெண்டு ஸ்டடி பண்ணிட்டோம்."

"சார், இவ விட்டுப் போகல. இவளுக்குக் கெடைக்கல."

"அதேதான்! அதையேதான் சொல்றேன்." அவர் முகம் மெல்லத் தெளிந்தது. "ஸ்மிதா, அந்த ரீ-ஸ்பார்க் ஃபைல் எடு. பாருங்கோம்மா, அறிவியலை இழந்த பெண்களுக்குன்னே ஒரு ஸ்கீம் சாங்ஷன் ஆயிருக்கு. நாலு மாசமா ஆள் தேடிண்டிருக்கோம். பத்தாவது வரைக்கும் ஆர்வம் இருந்து, அப்பறம் சயன்ஸை விட்டுப் போயிருக்கணும். ஏழைக் குடும்பமா இருக்கணும். தமிழ் மைனாரிட்டின்னா இன்னும் விசேஷம். ஒங்க பொண்ணு ஒருத்தி போறும். இப்படிக் கொழந்தைகள் இல்லேன்னா எங்களுக்கெல்லாம் வேலையே இல்லைம்மா. ஆனா ஒண்ணு. இனிமே சயன்ஸ்ல சேந்துடக் கூடாது. சேந்தா எலிஜிபிலிட்டி போயிடும்."

பூமாரி மகளைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தாள். கௌசல்யா நிமிர்ந்து, தோளை இறக்கி, முகத்தில் சிறிய புன்னகையோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு வருஷத்தில் அவளுக்கு அப்படி உட்காரத்தான் பழக்கியிருந்தார்கள்.

"செய்யறேன் சார்," என்றாள்.

ரீ-ஸ்பார்க் தொடக்க விழாவில் கௌசல்யா மேடைக்கு ஏறினாள். இந்த முறை பேச வேண்டும். அட்டை இல்லாமல் பேசினாள். "பெண்களுக்கு வாய்ப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளாதது நம் தவறு. நானும் அந்தத் தவறைச் செய்தேன். இந்த மையம் எனக்கு இரண்டாம் முறையும் கை கொடுத்திருக்கிறது." எங்கே நிறுத்தினால் தட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நிறுத்தினாள். தட்டினார்கள். குரல் ஸ்மிதாவின் குரல்போலவே இருந்தது. தன் மகளின் சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று பூமாரி நினைவுபடுத்திப் பார்த்தாள். மகளை எதிரில் வைத்துக்கொண்டு அதைத் தேட வேண்டியிருந்தது.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், வள்ளியூர்க்காரி, சிறிய மகளோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பூமாரியின் முழங்கையைத் தொட்டாள்.

"அக்கா, அது உங்க பொண்ணா? என்னமாப் பேசுது! இவ எட்டாவது. எப்பப் பாத்தாலும் எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பா. இவளையும் இதுல சேத்துவிடணும்க்கா. யாரப் பாக்கணும்?"

அந்தச் சின்னப் பெண் தொப்பியைக் கழற்றி, அதன் பின்பக்கத்துப் பட்டி எப்படி ஒட்டுகிறது, எப்படிப் பிரிகிறது என்று பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடையில் பழகிய சிரிப்பு பூமாரியின் உதட்டுக்கு வந்தது. அவள் அதை உள்ளே தள்ளினாள். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்வதுபோல இருந்தது.

"வேண்டாம்மா," என்றாள் மெதுவாக. "சேக்காதீங்க. பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்கா அனுப்புங்க, அது போதும். இங்க ஒண்ணும் சொல்லித் தர மாட்டாங்க. எம் பொண்ணு கேட்டதுக்கு இன்னிக்கு வரைக்கும் யாரும் பதில் சொல்லல. நம்புங்க."

அந்தப் பெண் பூமாரியை மேலும் கீழும் பார்த்தாள். மேடையில் மாலையோடு நின்ற கௌசல்யாவைப் பார்த்தாள். மறுபடி பூமாரியைப் பார்த்தாள். முகம் இறுகியது.

"அது சரி," என்றாள். மகளின் கையைப் பிடித்து எழுப்பி, இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்த இன்னொரு தாயிடம் அவள் குனிந்து சொன்னது பூமாரிக்கும் கேட்டது.

"தம் பிள்ள மட்டும் மேல வரணும்னு நெனைக்கிற சென்மம் எல்லா ஊர்லயும் இருக்கும் போல."

ஸ்மிதா மைக்கில் ஷீ-ஸ்பார்க்குக்குப் புதிய குட்டிகள் யாராவது உண்டா என்று கேட்டாள். அந்தத் தாய் மகளின் கையைத் தானே பிடித்து உயர்த்தினாள்.